ட்ரிபிள் ஈ கேட்கும் பெண்ணைத் தடுக்காதீர்கள்

காங்கேயம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகள் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அரசுக் கல்லூரியில் ட்ரிபிள் ஈ (எலெக்ட்ரிகல் அண்ட் எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங்) கிடைக்கும் அளவுக்கு கட்ஆஃப் இருக்கிறது. தாய்மாமன்தான் விடவில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் இல்லையென்றால் நாலு பேர் மதிக்க மாட்டார்களாம். தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு முன்பணம் கட்டச் சொல்கிறாராம். இருக்கிற அரை ஏக்கரை அடமானம் வைக்கலாமா என்று கேட்கிறார்.

வைக்காதீர்கள் அம்மா. ஒதுக்கீட்டில் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குப் போனால் கட்டணச் சலுகை கிடையாது. மதிப்பு பற்றி மாமா பேசலாம், வட்டி கட்டப்போவது நீங்கள்.

அதைவிட முக்கியம், உங்கள் கடிதத்தின் ஓரத்தில் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரி. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு மின்சாரம் கொண்டுவரும் ராய்கர்–புகளூர் லைனைப் பார்த்துவிட்டு, உங்கள் மகள் "மற்ற டவரில் எல்லாம் கம்பி மூன்று மூன்றாகப் போகிறது, இதில் மட்டும் ஏன் இல்லை?" என்று கேட்டாளாம். எத்தனையோ பேர் தினமும் அந்த டவரைத் தாண்டிப் போகிறார்கள், யாருக்கும் இது தோன்றுவதில்லை. அதில் ஓடுவது டி.சி., அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம், 800 கிலோவோல்ட். மற்ற லைன்களில் ஓடுவது திசை மாறி மாறி ஓடும் ஏ.சி., அதற்குத்தான் மூன்று ஃபேஸ், மூன்று கம்பி. இதற்கு அது தேவையில்லை. இந்தக் கண் உள்ள பிள்ளையை வேறு எங்கே அனுப்புவது?

ட்ரிபிள் ஈ என்றதும் சொந்தக்காரர்கள் மின்வாரியத்தைத்தான் நினைப்பார்கள். நான் சொல்வது லோட் டெஸ்பாட்ச் சென்டர். ஒரு நாளை 15 நிமிடம் வீதம் 96 துண்டாக்கி, ஒவ்வொரு துண்டிலும் யார் எவ்வளவு மின்சாரம் தருவார்கள், யார் எடுப்பார்கள் என்று முடிவு செய்து, மின்சாரத்தின் துடிப்பை, அதாவது நொடிக்கு 50 சுற்று என்ற 50 ஹெர்ட்ஸைத் தடம் மாறாமல் காக்கிற வேலை. இன்று அந்த வேலை நாட்டு எல்லையோடு நிற்பதில்லை.

நேபாளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் அங்கே குளிர்காலத்தில் நாளுக்கு 18 மணி நேரம்வரை மின்வெட்டு. 2016-இல் பீகாரின் முசாஃபர்பூரையும் நேபாளத்தின் தல்கேபரையும் இணைக்கும் லைன் வந்தது. அந்த நாடு இருட்டிலிருந்து மீண்டதில் இந்திய மின்சாரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இப்போது மழைக்காலத்தில் ஆறுகள் நிரம்பினால் நேபாளம் விற்கிறது, குளிர்காலத்தில் வாங்குகிறது. 2024 நவம்பர் 15 அன்று அதன் 40 மெகாவாட் இந்திய கிரிட் (மின் தொகுப்பு) வழியாக முதன்முறையாக வங்கதேசத்துக்குப் போனது. ஒப்பந்தப்படி ஆண்டுதோறும் ஜூன் 15 முதல் நவம்பர் 15 வரைதான் விற்பனை. அதாவது தொடங்கியதே கடைசி நாளில்! மூன்று நாட்டு அனுமதி என்றால் சும்மாவா?

நேபாள கிரிட் நம்முடையதோடு ஒரே தாளத்தில் ஓடுகிறது, வங்கதேச கிரிட் அப்படி இல்லை. அதனால் எல்லை தாண்டி பேராமாராவில் ஏ.சி.யை டி.சி.யாக்கி, மறுபடி ஏ.சி.யாக்கி உள்ளே விடுகிறார்கள். உங்கள் மகள் அண்ணாந்து பார்த்த அதே வித்தைதான். இலங்கையோடும் இப்படி ஒரு டி.சி. இணைப்புக்கு 2025 ஏப்ரலில் புரிந்துணர்வு ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. லைன் இன்னும் வரவில்லை, அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

வழி என்ன? பி.இ. முடித்து, எலெக்ட்ரிகல் பாடத்தில் கேட் (GATE) என்ற அகில இந்தியத் தேர்வு. லோட் டெஸ்பாட்ச் சென்டர்களை நடத்தும் கிரிட் இந்தியாவும், பெரிய லைன்களை நடத்தும் பவர்கிரிடும் அந்த மதிப்பெண்ணை வைத்துப் பொறியாளர்களை எடுக்கின்றன. போட்டி கடுமைதான், மறைக்கவில்லை. இரவு ஷிஃப்ட் உண்டு, கொல்கத்தாவிலோ ஷில்லாங்கிலோ போஸ்டிங் போடலாம். அதை மாமாவிடம் கேட்காதீர்கள், அவளிடம் கேளுங்கள். அவள் மாட்டேன் என்றால் நான் சொன்னதையும் விட்டுவிடுங்கள்.

கலந்தாய்வுக்கான விருப்பப் பட்டியலை அவளே நிரப்பட்டும். முன்பணம் ஏதும் ஏற்கெனவே கொடுத்திருந்தால், ரசீதை எடுத்துக்கொண்டு நாளைக்கே போய்த் திருப்பிக் கேளுங்கள், எழுத்தில்.