15 பேர் மட்டும் உள்ள முதியோர் குடியிருப்பு: சேருமுன் எதைப் பார்ப்பது?

"அம்மாவைச் சேர்க்க நினைக்கும் இடத்தில் மொத்தமே 15 பேர்தான். சின்ன இடம் நல்லதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நல்லதாகவே இருக்கலாம். ஒருவர் சாப்பிட வரவில்லை என்றால் உடனே தெரிந்துவிடும். ஆனால் பணியாட்களும் குறைவு. இரவு 2 மணிக்கு அம்மா குளியலறையில் விழுந்தால் யார் வருவார்? அங்கேயே விழித்திருப்பவரா, வீட்டில் தூங்கிக்கொண்டு போனில் கிடைப்பவரா? அவர் லீவு போட்டால்? போன இடத்தில் அழைப்பு மணியை அழுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். கழிப்பறைக் கைப்பிடியையும் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். கைப்பிடி என்று துண்டு போடும் கம்பியைக் காட்டினால், அது உடல் எடையைத் தாங்காது.

சொல்லிவிட்டு ஒரு முறை, சொல்லாமல் ஞாயிறு மாலை ஒரு முறை போங்கள்.

நடக்க முடியாமல் போனாலோ மறதிநோய் வந்தாலோ அங்கேயே வைத்துக்கொள்வார்களா? முன்பணம் எவ்வளவு, எப்போது திரும்பும்? கட்டணத்தை எப்படி உயர்த்துவார்கள்? எல்லாம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும், மேலாளரின் வாய்ச்சொல் போதாது.

அப்புறம், அந்த 15 பேரில் அம்மாவுக்குப் பேச்சுத்துணையாக ஒருவராவது தேறுவாரா? இது சின்ன இடத்தின் பெரிய சிக்கல். முடிந்தால் ஒரு வாரம் தங்கவைத்து, அம்மாவிடமே கேளுங்கள்.