பூல் லீக்கில் சேரலாமா? உங்கள் கேள்விகள், என் பதில்கள்

அமெரிக்காவில் நம் ஆட்கள் நிறைய பேர் பூல் ஆடுகிறார்கள். மேசை மேல் இருக்கும் பந்துகளை க்யூ என்கிற கோலால் அடித்துப் பாக்கெட்டில் போடும் ஆட்டம் அது. ஆபீஸில் ஒரு மேசை, அபார்ட்மென்ட் கிளப் ஹவுஸில் ஒரு மேசை என்று கை பழகியதும், வாரம் ஒரு ராத்திரி டீமாக மோதும் லீக்கில் சேர்ந்தால் என்ன என்ற ஆசை வருகிறது. நான் டெக்சஸில் பல வருடங்களாக லீக் ஆடுகிறேன். இப்போது ஒரு டீமுக்குக் கேப்டன். அந்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன். பெரும்பாலும் ஏபிஏ என்கிற அமெரிக்கன் பூல்பிளேயர்ஸ் அசோசியேஷனை வைத்துத்தான் பேசுவேன். டெர்ரி பெல், லாரி ஹப்பர்ட் என்ற இரண்டு தொழில்முறை ஆட்டக்காரர்கள் 1979-ல் தொடங்கிய அமைப்பு அது. சாதாரண ஆட்டக்காரர்களுக்கு இன்று பல ஊர்களில் முதலில் கிடைப்பதும் அதுதான்.

அக்கா, நான் சுமாராகத்தான் ஆடுவேன். தொடர்ந்து மூன்று பந்து போட்டாலே பெரிய விஷயம். என்னைச் சேர்த்துக்கொள்வார்களா?

தாராளமாக. சொல்லப்போனால் உங்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

காரணம் ஹேண்டிகேப், அதாவது திறமை கூடியவரும் குறைந்தவரும் சமமாக மோத வைக்கும் ஏற்பாடு. எட்டாம் நம்பர் பந்தைக் கடைசியாகப் போடுபவர் ஜெயிக்கும் எய்ட் பால் ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் 2 முதல் 7 வரை ஒரு ஸ்கில் லெவல் உண்டு. லெவல் 7 ஆள் லெவல் 2 ஆளோடு மோதினால், அவர் 7 கேம் ஜெயிக்க வேண்டும், இவர் 2 கேம் ஜெயித்தால் போதும். அதோடு இன்னொரு விதி: அன்று இரவு ஒரு டீமில் ஆடும் ஐந்து பேரின் லெவலையும் கூட்டினால் 23-ஐத் தாண்டக் கூடாது. ஒரு 7, ஒரு 6, ஒரு 5 வைத்திருக்கும் கேப்டனுக்கு மீதி இருப்பது 5 புள்ளிதான். அதில் ஒரு 3-ம் ஒரு 2-ம்தான் அடங்கும். அதனால் புதியவர் இல்லாமல் டீமே ஓடாது. லெவல் 3-ம் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு ஒரு கேமுக்கு இரண்டு டைம்-அவுட் உண்டு. டீமிலிருந்து ஒருவர் மேசைக்கு வந்து, எந்தப் பந்தை எப்படி அடிக்கலாம் என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார். போட்டிக்கு நடுவிலேயே பாடம் கிடைக்கிறது. புதியவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

லீக் ஆடினால் ஆட்டம் முன்னேறுமா? அதற்காகத்தான் சேர யோசிக்கிறேன்.

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். சேர்ந்தவர்களில் பலர் ஏமாற்றத்தோடு விலகுவது இதனால்தான்.

லீக் இரவில் நீங்கள் ஆடுவது ஒரே ஒரு மேட்ச். லெவல் 4-ம் 4-ம் மோதினால் முதலில் 3 கேம் ஜெயிப்பவர் வெற்றி. அதிகபட்சம் ஐந்து கேம். ஏழு மணிக்குப் போய் பதினொரு மணிக்குத் திரும்பினால், அதில் நீங்கள் க்யூவைப் பிடித்து நின்ற நேரம் ஒரு மணி நேரம்கூட இருக்காது. டீமில் எட்டுப் பேர் வரை இருக்கலாம், ஆடுவது ஐந்து பேர். ஆகவே சில வாரம் ஆடாமலேயே வீட்டுக்குப் போவீர்கள். கையைப் பழக்க லீக் இடமில்லை. அதைத் தனியாக, வேறொரு நாளில், வெள்ளைப் பந்தையும் ஒரே ஒரு கலர் பந்தையும் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப அடித்துத்தான் பழக வேண்டும்.

அப்படியானால் லீக் என்ன தருகிறது? பதற்றத்தைத் தருகிறது. அது பெரிய வரம் என்பேன். கிளப் ஹவுஸில் கண்ணை மூடிக்கொண்டு போடும் அதே எட்டாம் நம்பர் பந்து, டீமின் மொத்த இரவும் அதில் தொங்கும்போது, கையை நடுங்க வைக்கும். அந்த நடுக்கத்தோடு மூச்சை இழுத்து, அவசரப்படாமல் அடிக்க வேறு எங்கேயும் கற்றுக்கொள்ள முடியாது. இரண்டாவது, பார்த்துக் கற்பது. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் போனை நோண்டாமல், லெவல் 6, 7 ஆட்கள் எந்த இடத்தில் பந்து போடாமல் சேஃப்டி ஆடுகிறார்கள் என்று கவனியுங்கள். எதிராளிக்கு எந்தப் பந்தும் தெரியாதபடி வெள்ளைப் பந்தை ஒளித்து வைப்பதும் ஆட்டம்தான் என்பது அப்போதுதான் புரியும்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். ஏபிஏ எய்ட் பாலில், கடைசி எட்டாம் நம்பர் பந்துக்கு மட்டும்தான் பாக்கெட்டைக் குறித்துக் காட்ட வேண்டும். மற்ற பந்துகள் தப்பித் தவறி எந்தப் பாக்கெட்டில் விழுந்தாலும் கணக்கில் சேரும். குத்துமதிப்பாக ஓங்கி அடிக்கும் பழக்கம் வர இது இடம் கொடுக்கிறது. ஒழுங்காகச் சொல்லி அடிக்க ஆசைப்பட்டால் பிசிஏ பூல் லீக் என்கிற இன்னொரு லீக் உங்கள் ஊரில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே எந்தப் பந்து, எந்தப் பாக்கெட் என்பது முக்கியம். ஃபார்கோரேட் என்ற ரேட்டிங்கும் அங்கே பயன்பாட்டில் இருப்பதால், உங்கள் வளர்ச்சியை எண்ணாகவே பார்க்கலாம்.

நான் குடிப்பதில்லை. தனியாகப் போகும் பெண். பாரில் நடக்கும் லீக் சரிப்பட்டு வருமா?

நானும் குடிப்பதில்லை. லைம் போட்ட சோடாவோடு நான்கு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன், யாரும் ஒன்றும் கேட்டதில்லை. பெண்கள் நிறைய பேர் ஆடுகிறார்கள், பெண்கள் மட்டுமே இருக்கும் டீம்களும் உண்டு.

ஆனால் இடத்தைப் பார்த்துத்தான் சேர வேண்டும். பூல் ஹால் வேறு, பார் வேறு. ஹாலில் வெளிச்சம் நன்றாக இருக்கும், ஒன்பது அடி மேசைகள் இருக்கும், வருபவர்கள் ஆட வருபவர்கள். பாரில் ஏழு அடி மேசை, பாட்டுச் சத்தம், ஆட்டத்துக்குச் சம்பந்தமில்லாத கூட்டம். புகையையும் யோசியுங்கள். கலிஃபோர்னியாவில் 1998-லிருந்தே பாருக்குள் புகைக்கத் தடை. டெக்சஸில் மாநிலம் முழுவதற்குமான தடை கிடையாது, ஊருக்கு ஊர் மாறும். சேருவதற்கு முன் ஒரு லீக் இரவன்று சும்மா போய் ஒரு மணி நேரம் பாருங்கள். அந்தக் கேப்டன் தோற்றவரிடம் எப்படிப் பேசுகிறார் என்று கவனித்தாலே போதும், மற்றதெல்லாம் தெரிந்துவிடும். யாராவது தொந்தரவு செய்தால் பொறுத்துக்கொள்ள வேண்டாம். கேப்டனிடமும், அந்தப் பகுதியில் லீக்கை நடத்தும் ஆபரேட்டரிடமும் அன்றே சொல்லுங்கள்.

செலவு எவ்வளவு ஆகும் மேடம்?

எங்கள் பகுதியில் வருடச் சந்தா 30 டாலர் அளவில், ஆடும் இரவுக்கு ஒருவருக்கு 10 டாலர் அளவில் வருகிறது. உங்கள் ஊரில் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். ஆனால் உண்மையான செலவு சாப்பாடும் நேரமும்தான். விங்ஸ், ஃப்ரைஸ் என்று ஆர்டர் செய்தால் லீக் கட்டணத்தைவிட அது அதிகமாகிவிடும்.

நேரம் இன்னும் பெரிது. வருடத்துக்கு ஸ்பிரிங், சம்மர், ஃபால் என்று மூன்று சீசன். நடுவில் இடைவெளி குறைவு. சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில், வாரத்தில் ஒரு ராத்திரி ஒருவர் வீட்டில் இல்லை என்றால் அந்தப் பாரம் இன்னொருவர் தலையில் விழுகிறது. வீட்டில் பேசி, அவருக்கும் அதேபோல ஒரு ராத்திரி ஒதுக்கிவிட்டுச் சேருங்கள். பேசாமல் சேர்ந்தவர்கள் பாதி சீசனில் காணாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். அப்போது நட்டாற்றில் நிற்பது டீம்.

ஆட்டம் முடிந்து இரண்டு பியர் குடித்துவிட்டு வண்டி ஓட்டலாமா? எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

வேண்டாம். யாராக இருந்தாலும் வேண்டாம், விசாவில் இருப்பவர் என்றால் கண்டிப்பாக வேண்டாம். ரத்தத்தில் இருக்கும் ஆல்கஹாலுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் வரம்பு 0.08 சதவீதம், யூட்டாவில் 0.05. 2015 முதல், குடித்துவிட்டு ஓட்டியதாகக் கைது செய்யப்பட்டாலே, தீர்ப்பு வருவதற்கு முன்பே, விசாவை ரத்து செய்யும் வழக்கம் வெளியுறவுத் துறையில் இருக்கிறது. எச்-1பி-யில் இருக்கும் தம்பிகள் இதைத் தெரிந்துகொள்ளாமல் பார் லீக்கில் சேரக் கூடாது. ஊபருக்கு 20 டாலர் கொடுங்கள். இல்லையென்றால் என் பக்கத்தில் உட்கார்ந்து சோடா குடியுங்கள்.

நான் சென்னையில் ஸ்நூக்கர் ஆடியவன். பூல் சுலபமாக இருக்குமா?

பந்து போடுவது சுலபமாகத் தெரியும். பன்னிரண்டு அடி மேசையில் 52.5 மில்லிமீட்டர் பந்தை இறுக்கமான பாக்கெட்டில் போட்டவருக்கு, ஏழு அடி மேசையின் வாய் அகலமான பாக்கெட் ஒரு பொருட்டே இல்லை. ஸ்நூக்கர் விதிகள் எழுதி மாட்டப்பட்டது ஊட்டி கிளப்பில் என்பதால், அந்தப் பக்கத்திலிருந்து வருபவர்கள் மேல் எனக்குத் தனிப் பாசம் உண்டு.

சிரமம் வேறு இடத்தில் வரும். பூல் பந்து 57 மில்லிமீட்டர், கனம் அதிகம். சின்ன மேசையில் பந்துகள் கொத்தாக ஒட்டிக்கொண்டு நிற்கும். எந்தக் கொத்தை எப்போது உடைப்பது என்ற கணக்கு உங்களுக்குப் புதிது. காசு போட்டு ஆடும் சில பார் மேசைகளில் வெள்ளைப் பந்துக்குள் காந்தம் ஈர்க்கும் உலோகம் இருக்கும், தவறி உள்ளே விழுந்தால் தனியாகத் திரும்பி வருவதற்காக. அந்தப் பந்து நீங்கள் எதிர்பார்க்கிற மாதிரி நிற்காது. ஒரு மாதம் பொறுமையாக ஆடுங்கள், கை வந்துவிடும்.

முதல் வாரமே சொந்த க்யூ வாங்க வேண்டுமா?

வேண்டாம். ஒரு சீசன் போகட்டும். அப்புறம் 100, 150 டாலரில் நேரான க்யூ ஒன்று வாங்கினால் பல வருடம் வரும்.

எங்கள் கேப்டன் என்னை வேண்டுமென்றே சில கேம் தோற்கச் சொல்கிறார், லெவல் ஏறாமல் இருக்கவாம். இது சகஜமா?

நடக்கிறது. லீக்கின் மிக மோசமான பக்கம் இதுதான். சேண்ட்பேகிங் என்பார்கள். 23 கணக்கில் லெவல் ஒன்று ஏறினாலும் டீம் கலைய வேண்டிவரும் என்பதால் இந்த ஆசை வருகிறது. ஸ்கோர் எழுதுபவர் இன்னிங்ஸையும் (இருவரும் மாறி மாறி எத்தனை முறை ஆடினார்கள் என்ற கணக்கு), வேண்டுமென்றே பந்து போடாமல் விட்ட ஷாட்டுகளையும் குறிப்பது இதைக் கண்டுபிடிக்கத்தான்.

விதியை விடுங்கள். உங்களுக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். போடத் தெரிந்த பந்தைப் போடாமல் விடப் பழகிய கை, போட வேண்டிய நேரத்தில் போடாது. எதிரே நிற்பவரும் வேலை முடித்து, குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு, காசு கட்டி ஆட வந்தவர். அவருக்கு நேர்மையான ஒரு ஆட்டம் தர வேண்டும். கேப்டனிடம் முடியாது என்று சொல்லுங்கள். அவர் கேட்கவில்லை என்றால் சீசன் முடிந்ததும் வேறு டீமுக்குப் போய்விடுங்கள். உங்கள் லெவலில் ஆள் தேடும் டீம் எப்போதும் இருக்கும்.

தமிழர்கள் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு டீம் போடலாமா, அல்லது ஏற்கெனவே இருக்கும் டீமில் சேரலாமா?

முதல் சீசனுக்கு இருக்கும் டீமில் சேருங்கள் என்பதே என் யோசனை. ஸ்கோர் ஷீட் எழுதுவது, ஆளுக்கு எதிராக ஆளை இறக்குவது, டைம்-அவுட்டை எப்போது கேட்பது, இதையெல்லாம் தெரிந்தவர் ஒருவராவது பக்கத்தில் இருக்க வேண்டும். தவிர, ஆபீஸுக்கும் கோயிலுக்கும் தமிழ்ச் சங்கத்துக்கும் வெளியே இந்த நாட்டு மனிதர்களோடு பழக நமக்குக் கிடைக்கும் இடங்கள் குறைவு. என் டீமில் ஒரு பிளம்பர், ஒரு பள்ளி ஆசிரியை, ஓய்வுபெற்ற ஒரு லாரி டிரைவர் இருக்கிறார்கள். என் அப்பா தவறியபோது, ஊருக்குப் போய் வரும் வரை என் பூனைக்குச் சாப்பாடு போட்டது அந்த லாரி டிரைவர்தான். லீக்கினால் என்ன லாபம் என்று கேட்டால் கோப்பையை நான் சொல்ல மாட்டேன், இவர்களைத்தான் சொல்வேன்.

ஒரு சீசன் கழித்து எட்டுப் பேரும் சேர்ந்து டீம் போடுங்கள். அதன் சந்தோஷம் தனி. நண்பர்களாக இருப்பதாலேயே யார் உட்கார வேண்டும் என்று சொல்லத் தயங்குவீர்கள். யார் எந்த வாரம் ஆடுவது என்பதை முன்கூட்டியே சுழற்சியாக எழுதி வைத்துக்கொண்டால் மனத்தாங்கல் வராது.

லாஸ் வேகஸ் போகலாம் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். உங்கள் டிவிஷனில், அதாவது வாரா வாரம் உங்களோடு மோதும் டீம்களின் குழுவில் ஜெயித்து, பகுதி அளவிலான போட்டியிலும் ஜெயித்தால் லாஸ் வேகஸில் நடக்கும் போட்டிக்குப் போகலாம். ஹேண்டிகேப் இருப்பதால் லெவல் 2 ஆட்டக்காரருக்கும் அந்த வாய்ப்பு உண்டு. ஆனால் அதையே குறியாக வைத்துக்கொண்ட டீம்களில்தான் மேலே சொன்ன சேண்ட்பேகிங்கும் கத்தலும் அதிகம். சேரும் முன் கேப்டனிடம், இந்த டீம் வேகஸுக்காக ஆடுகிறதா, வாரம் ஒரு ராத்திரி சந்தோஷமாக இருக்க ஆடுகிறதா என்று நேராகவே கேட்டுவிடுங்கள். இரண்டில் எதுவும் தப்பில்லை, உங்களுக்கு எது வேண்டுமோ அதற்குப் பொருந்தும் டீமில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.