மலையேறினால் டயர் அழுத்தம் கூடுகிறதா?

வணக்கம். காரில் மாட்டிய டயர் அழுத்தம் காட்டும் கருவி மலையடிவாரப் புளியரையில் 33 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) காட்டியது, மலையேறி ஆரியங்காவு தாண்டியதும் 37 காட்டியது, காற்றை இறக்கினேன், மறுநாள் காலை எச்சரிக்கை விளக்கு எரிந்தது என்கிறீர்கள். கருவி சரிதான், இறக்கியதுதான் பிழை. ஓடிச் சூடான டயரில் அழுத்தம் ஏறத்தான் செய்யும், 10 டிகிரி செல்சியஸ் சூட்டுக்கு ஒன்றரை பி.எஸ்.ஐ. போல; குளிர்ந்ததும் இறங்கிவிடும், அதனால்தான் காலையில் விளக்கு எரிந்தது. கதவோரம் ஒட்டியிருக்கும் அளவு குளிர்ந்த டயருக்கானது. காலையில் வண்டி ஓடுமுன் நிரப்புங்கள்.

கருவியைக் கழற்றி எறியவா என்று கேட்டீர்களே, வேண்டாம். போன மழைக்குத் தென்மலைப் பக்கம் என் பின்சக்கரம் 26க்கு இறங்கியதைத் திரையில் பார்த்துத்தான் நிறுத்தினேன். கண்ணுக்கு டயர் நன்றாகவே இருந்தது; தடவிப் பார்த்தால் விரல் நீள ஆணி, தலை மட்டும் பளபளத்தது. உங்கள் கருவியின் உணரி, டயரில் காற்றடிக்கும் வால்வில் திருகும் வகையென்றால் அவ்வப்போது கழற்றி மாட்டுங்கள். அந்த மழைக்குத் துருவேறி இறுகிவிடும்.