எளிய மின்சுற்றை வைத்து எலெக்ட்ரானின் மின்னூட்டத்தை அளக்க முடியுமா?

முடியும். ஒரு டிரான்சிஸ்டர், ஒரு ஆப்-ஆம்ப் (வோல்டேஜைப் பெருக்கும் சிப்), இரண்டு மல்டிமீட்டர், ஒரு தெர்மாமீட்டர் இருந்தால் போதும். ஆனால் சுற்றிலிருந்து கிடைப்பது எலெக்ட்ரான் மின்னூட்டத்தைப் போல்ட்ஸ்மன் மாறிலியால் (வெப்பநிலையை ஆற்றலோடு இணைக்கும் எண்) வகுத்த விகிதம்தான். மாறிலியை (1.380649 × 10⁻²³ ஜூல்/கெல்வின்) வெளியிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

டிரான்சிஸ்டருக்குப் பேஸ், கலெக்டர், எமிட்டர் என்று மூன்று கால்கள். பிசி547 மாதிரி ஒரு என்பிஎன் டிரான்சிஸ்டரின் பேஸைக் கிரவுண்டில் இணையுங்கள். கலெக்டர், டிஎல்071 ஆப்-ஆம்பின் மைனஸ் உள்ளீட்டுக்குப் போக வேண்டும். பிளஸ் உள்ளீடு கிரவுண்டில். வெளியீட்டிலிருந்து மைனஸ் உள்ளீட்டுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதற்கு இணையாக 1 நானோஃபாரட் கெப்பாசிட்டர். ஆப்-ஆம்புக்கு இரண்டு 9 வோல்ட் பேட்டரி. தனியாக ஒரு 1.5 வோல்ட் செல்லின் பிளஸ் முனையைக் கிரவுண்டில் வைத்து, அதன் குறுக்கே 1 கிலோ ஓம் பத்துச்சுற்றுப் பொட்டென்ஷியோமீட்டரைப் போட்டு, நடுமுனையை எமிட்டருக்குக் கொடுங்கள்.

வெளியீட்டு வோல்டேஜை 10,000ஆல் வகுத்தால் கலெக்டர் கரண்ட். பேஸ்-எமிட்டர் வோல்டேஜை 0.45இலிருந்து 0.60 வரை 10 மில்லிவோல்ட் படிகளில் ஏற்றுங்கள். குறைந்த கரண்டுக்கு ரெசிஸ்டரை 1 மெகா ஓமாக மாற்றலாம். மாற்றும் இடத்தில் இரண்டிலும் சில அளவீடுகள் எடுத்துக்கொள்ளுங்கள். கரண்டின் இயல் மடக்கையை (கால்குலேட்டரில் ln) வோல்டேஜுக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரும். சாய்வு × மாறிலி × கெல்வின் வெப்பநிலை, அதுதான் மின்னூட்டம். 300 கெல்வினில் 120 மில்லிவோல்ட் ஏறினால் கரண்ட் சுமார் 104 மடங்காகும். கணக்குப் போட்டால் 1.60 × 10⁻¹⁹ கூலும்.

சாய்வு மட்டுமே வேண்டியிருப்பதால் ரெசிஸ்டரின் மதிப்பில் 5% பிழை இருந்தாலும் விடை மாறாது. வோல்ட்மீட்டரின் 1% பிழையோ அப்படியே விடையில் ஏறும்.

டயோடு போதாதா என்றால், போதாது. சந்திப்புப் பகுதியிலேயே எலெக்ட்ரான்களும் துளைகளும் (எலெக்ட்ரான் இல்லாத காலி இடங்கள்) மறுசேர்வதால் அதன் சாய்வு 1 முதல் 2 வரையிலான ஏதோ ஓர் எண்ணால் வகுபட்டுவிடும். டிரான்சிஸ்டரில் அந்த மறுசேர்வுக் கரண்ட் பேஸ் வழியே போய்விடுகிறது, கலெக்டருக்கு வராது.

பெரும்பாலும் சொதப்புவது வெப்பநிலைதான். ஒரு டிகிரி ஏறினால் கரண்ட் 8% அளவுக்குக் கூடும், விரலால் தொட்டாலே எண் ஓடுவதைப் பார்க்கலாம். டிரான்சிஸ்டரை எண்ணெய் உள்ள சோதனைக்குழாயில் இறக்கி, குழாயைப் பெரிய தண்ணீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி, தெர்மாமீட்டரை டிரான்சிஸ்டரை ஒட்டி வையுங்கள். 0.1 மில்லிஆம்பியருக்கு மேல் போகாதீர்கள்: உள்தடையாலும் சூட்டாலும் கோடு வளையத் தொடங்கும். வோல்ட்மீட்டரையும் டிரான்சிஸ்டரின் கால்களிலேயே இணைக்க வேண்டும், பொட்டென்ஷியோமீட்டரில் அல்ல.