304-ம் இடத்திலிருந்து ஒரு வெற்றி – கடிதம், பதில்

வணக்கம்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் அதிதி அசோக் ஆடியதைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கோல்ஃப் பிடித்தது. பெண்கள் டூரின் (ஆண்டு முழுக்க ஊர் ஊராக நடக்கும் தொடர் போட்டிகள்) பழைய முடிவுகளைத் தேடிப் படித்து வருகிறேன். 2020 மட்டும் புரியவே இல்லை. உலகத் தரவரிசையில் 304-ம் இடத்தில் இருந்த சோஃபியா போப்போவ் பிரிட்டிஷ் ஓப்பனை ஜெயிக்கிறார். அடுத்த மாதமே நடந்த இன்னொரு மேஜரில், அதாவது பெரிய போட்டியில், அவர் பெயரே இல்லை. கோ ஜின் யங் வெறும் நான்கு போட்டிகள் ஆடிப் பரிசுப்பணத்தில் முதலிடம். அமெரிக்க ஓப்பன் டிசம்பரில், அதுவும் இரண்டு மைதானங்களில். பெரிய ஆட்டக்காரர்கள் வராததால் நேர்ந்த குளறுபடியா? அந்த வருடத்து வெற்றிகளை மற்ற வருடங்களோடு சேர்த்து எண்ணலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தாராளமாக எண்ணலாம். குளறுபடி இருந்தது உண்மை. ஆனால் அது முழுக்க, யார் களமிறங்கலாம் என்று தீர்மானிக்கும் விதிகளில் நேர்ந்தது.

பெண்கள் டூரை நடத்தும் எல்.பி.ஜி.ஏ. அந்த ஆண்டுக்கு 33 போட்டிகள், 7.51 கோடி டாலர் பரிசு என்று அறிவித்திருந்தது. நடந்தவை 18. பிப்ரவரி 16-ல் ஆஸ்திரேலிய ஓப்பனை பார்க் இன்பீ ஜெயித்ததோடு நான்கு போட்டிகள் முடிந்தன. அதன் பிறகு தாய்லாந்து, சிங்கப்பூர், சீனா எல்லாம் ரத்து. 166 நாள் கழித்து ஜூலை 31-ல் ஒஹாயோ மாநிலம் டொலிடோவின் இன்வர்னஸ் மைதானத்தில் பார்வையாளர் இல்லாமல் மறுபடி தொடங்கினார்கள். அந்த 10 லட்சம் டாலர் போட்டி பழைய அட்டவணையில் கிடையாது. ரத்தான போட்டிகளுக்குப் பணம் தரும் நிறுவனங்கள் விட்டுக்கொடுத்த பணத்தை வைத்துப் புதிதாக உருவாக்கியது. பெண்கள் டூரில் ஒரு நிறுவனம் பணம் போடுவதற்குப் பெரிய காரணம் புரோ-ஆம். தன் வாடிக்கையாளர்களை ஒரு நாள் முழுக்க ஆட்டக்காரர்களோடு ஆட வைக்கலாம். கொரோனா முதலில் பறித்தது அதைத்தான். அப்படியிருந்தும் 14 போட்டிகளைத் தேற்றியது சாதாரண வேலை இல்லை.

இனி போப்போவ். 2019 இறுதியில் நடந்த தகுதிச் சுற்றில் ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் (ஓர் அடியில்) டூர் கார்டை, அதாவது டூரில் ஆடும் உரிமையை, தவறவிட்டவர். அதனால் 2020-ல் அவர் இருக்க வேண்டிய இடம் இரண்டாம் நிலை டூரான சிமெட்ரா. அதுவும் நின்றுபோக, அரிசோனாவில் கேக்டஸ் டூர் என்ற சின்ன டூரில் ஆடி ஜெயித்துக்கொண்டிருந்தார். இன்வர்னஸில் தோழி ஆன் வான் டாமுக்குக் கேடியாகப் பை தூக்கினார். அடுத்த வாரம் மாரத்தான் கிளாசிக் என்ற டூர் போட்டி. வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் பலர் பயணம் செய்யாததால் நுழைவுப் பட்டியல் கீழே இறங்கி இவர் வரைக்கும் வந்தது. அங்கே ஒன்பதாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டதுதான் பிரிட்டிஷ் ஓப்பன் நடந்த ராயல் ட்ரூன் மைதானத்துக்கான நுழைவுச்சீட்டு.

கதவைத் திறந்தது கொரோனா என்பது வரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் உள்ளே போனபின் நான்கு சுற்றுகளில் 70, 72, 67, 68 அடித்தது அவர்தானே? காற்று வீசிய அந்த வாரத்தில் மொத்தமே நான்கு பேர்தான் பாருக்கு (மைதானத்துக்கு வகுத்த அடிக்கணக்குக்கு) கீழே முடித்தார்கள். அவரை விட இரண்டு ஸ்ட்ரோக் பின்தங்கி சுவன்னபுரா, அடுத்து மின்ஜி லீ, நான்காவதாகப் பார்க் இன்பீ. உலக முதலிடத்தில் இருந்த கோ ஜின் யங் வரவில்லை, உண்மைதான். முன்னணியினரான பார்க் இன்பீயும் மின்ஜி லீயும் இருந்த களத்தைப் பலவீனம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. டோக்கியோவில் நீங்கள் ரசித்த அதிதி அப்போது உலக வரிசையில் 200-ம் இடம். வெண்கலம் ஒரே ஸ்ட்ரோக்கில் போயிற்று. அந்த எண்ணை வைத்து அவரை எடைபோட நீங்களே ஒப்ப மாட்டீர்கள்.

அடுத்த மேஜரில் போப்போவ் ஏன் இல்லை? அந்த மேஜரான ஏ.என்.ஏ. இன்ஸ்பிரேஷன் அப்போதெல்லாம் வழக்கமாக ஏப்ரல் வாக்கில் நடந்துவந்தது. அந்த ஆண்டு செப்டம்பருக்குத் தள்ளிவைத்தார்கள். தேதி நகர்ந்தது, தகுதிப் பட்டியல் நகரவில்லை. ஏப்ரலில் யாருக்குத் தகுதி இருந்ததோ அவர்களுக்கே இடம். ஆகஸ்டில் மேஜர் ஜெயித்தவர் அந்தப் பட்டியலில் எப்படி இருப்பார்? மேஜர் ஜெயிக்கும் டூர் உறுப்பினருக்குக் கிடைக்கும் ஐந்தாண்டு விலக்கும், ஜெயித்த அன்று அவர் உறுப்பினர் இல்லை என்பதால் அப்போது கிடைக்கவில்லை. விதிப்படி எல்லாம் சரி. ஆனால் அந்த ஆண்டு எத்தனையோ பேருக்காக விதியை வளைத்தவர்கள் இவருக்காகவும் கொஞ்சம் வளைத்திருக்கலாம் என்பதே என் எண்ணம்.

அமெரிக்க ஓப்பன் விஷயம் வெறும் வெளிச்சக் கணக்கு. 156 பேர், மூவர் மூவராக 52 குழு. 1-ம் டீ, 10-ம் டீ (டீ என்பது ஒரு குழிக்கான ஆட்டம் தொடங்கும் இடம்) இரண்டிலும் தொடங்கினாலும் டீக்கு 26 குழு. குழுவுக்குக் குழு 11 நிமிடம் என்று வையுங்கள். காலை 7.30-க்குத் தொடங்கினால் 13 குழுக்கள் கிளம்ப 9.42 ஆகிவிடும். உடனே அடுத்த 13 குழுக்களை விட முடியாது. முதலில் போனவர்கள் ஒன்பது குழிகளை முடித்து அதே டீக்கு வந்து நிற்பார்கள். பிற்பகல் அணியின் முறை வர 12.30 தாண்டும். கடைசிக் குழு கிளம்புகையில் ஏறக்குறைய 2.45, முடிக்க ஐந்து மணி நேரம். ஜூனில் இது சிரமமில்லை. டிசம்பர் ஹூஸ்டனில் 5.20 வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். ஆட்களைக் குறைக்க மனமில்லாமல், சாம்பியன்ஸ் கிளப்பின் சைப்ரஸ் கிரீக், ஜாக்ராபிட் என்ற இரு மைதானங்களிலும் பாதிப் பாதியாக முதல் இரு சுற்றுகளை ஆடவிட்டார்கள். மைதானத்துக்கு 26 குழு என்றால் எல்லோரும் காலையிலேயே கிளம்பிவிடலாம். பின்தங்கியவர்களைக் கழிக்கும் கட்டுக்குப் பிறகு சைப்ரஸ் கிரீக் மட்டும். இத்தனை கணக்குப் போட்டும் ஞாயிறு மழை கெடுத்து, திங்களன்று முடிந்தது. முகக்கவசத்தோடு ஆடிய கிம் ஏ-லிம் கடைசி மூன்று குழிகளிலும் பேர்டி (பாரை விட ஓர் அடி குறைவு) அடித்து ஜெயித்தார்.

அங்கே இரண்டாமிடத்தைப் பகிர்ந்துகொண்டவர் கோ ஜின் யங். வருடத்தின் பெரும்பகுதி கொரியாவிலேயே இருந்தார். அங்கே மே மாதமே டூர் தொடங்கிவிட்டது. எல்.பி.ஜி.ஏ.வில் அவருக்கு அது மூன்றாவது போட்டி. அந்த இரண்டாமிடம் கொடுத்த புள்ளிகளில்தான் மறுவாரம் ஃபுளோரிடாவின் நேப்பிள்ஸில் நடந்த இறுதிப் போட்டிக்குள் நுழைந்தார்; அதையும் ஜெயித்து 11 லட்சம் டாலர். ஆண்டு மொத்தம் 16,67,925. 33 போட்டிகள் நடந்திருந்தால் டிசம்பரின் இரண்டு காசோலைகள் இவ்வளவு கனத்திருக்காது.

உலக முதலிடம் அவரிடமே இருந்ததற்குக் காரணம் வேறு. தரவரிசை 104 வாரப் புள்ளிகளைக் கூட்டி, ஆடிய போட்டிகளின் எண்ணிக்கையால் வகுக்கும், குறைந்தது 35-ஆல். வாங்கிய புள்ளி 13 வாரம் முழு மதிப்போடு இருக்கும், பிறகு வாராவாரம் தேயும். மார்ச்சில் தரவரிசையை நிறுத்திவைத்ததால் தேய்மானமும் நின்றது. 2019-ல் இரண்டு மேஜர் ஜெயித்துச் சேர்த்த இருப்பு அப்படியே தங்கியது. திரும்பத் தொடங்கியபின் கொரிய டூரிலும் புள்ளி உண்டு.

உண்மையில் அடி வாங்கியவர்கள் கீழே இருந்தவர்கள். 2020-ல் யாருடைய கார்டும் பறிபோகாது, அதே தகுதி 2021-லும் தொடரும் என்று டூர் முடிவெடுத்தது. நல்ல முடிவுதான். ஆனால் மேலே யாரும் இடத்தைக் காலி செய்யாவிட்டால் கீழிருந்து யார் ஏறுவது? தகுதிச் சுற்று ரத்து. சிமெட்ராவிலிருந்து அப்போதெல்லாம் வழக்கமாக 10 பேர் மேலே போனார்கள், அந்த ஆண்டு 5. புதுமுக விருதும் வழங்கவில்லை. 2020-ல் வந்தவர்களை மறு ஆண்டும் புதுமுகங்களாகவே வைத்துக்கொண்டார்கள். 2021-ல் அந்த விருதை வாங்கிய தாய்லாந்தின் பட்டி தவதனகிட் அதற்கு முந்தைய ஆண்டே டூரில் ஆடியவர். பழைய பட்டியல்களைப் புரட்டும்போது உங்களை அடுத்துக் குழப்பப்போவது அந்த வரியாகத்தான் இருக்கும்.