பயணத்தில் படங்களைச் சேமிக்க எந்தப் போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் வாங்கலாம்? வாங்கியதும் அதைச் சோதிக்க வேண்டுமா?

கேள்வியின் பின்பாதிக்காகத்தான் இந்தப் பதில். எந்தக் கம்பெனி என்பதற்கு இங்கே ஏற்கெனவே ஆளாளுக்கு ஒரு பெயர் சொல்லியாகிவிட்டது. ஆனால் "சோதிப்பதெல்லாம் வெட்டி வேலை, அதான் வாரண்டி இருக்கே" என்று ஒருவர் எழுதியிருப்பதைப் படித்த பிறகு சும்மா கடந்து போக முடியவில்லை. வாரண்டியில் கிடைப்பது இன்னொரு டிஸ்க். அதில் இருந்த படங்களுக்கு எந்தக் கம்பெனியும் பொறுப்பேற்பதில்லை. வாரண்டி அட்டையில் பொடி எழுத்தில் அதைத் தெளிவாகவே போட்டிருப்பார்கள்.

உங்கள் நிலைமை இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன்: கேமரா இருக்கிறது, ராவில் (RAW, கேமரா பதிவதை அப்படியே வைக்கும் பெரிய கோப்பு வகை) எடுக்கிறீர்கள், சுமாரான லேப்டாப் ஒன்று கையோடு வரும், கார்டுகள் பாதி வழியிலேயே நிறைந்துவிடுமோ என்று கவலை. ஃபோனில் மட்டும் எடுப்பவர் என்றால் நான் சொல்வதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

எந்த டிஸ்க் வாங்கினாலும் முதல் வேலையாக அதை முழுக்க நிரப்பி, நிரப்பியதைத் திருப்பிப் படிக்க வைப்பது என் வழக்கம். வீட்டில் இது பெரிய கேலிப்பொருள். "டிஸ்க்குக்குத் திருஷ்டி கழிக்கிறார்" என்பார்கள். ஒரு மலைப் பயணத்துக்காக 2 டிபி டிஸ்க் ஒன்று வாங்கியபோதும் அப்படித்தான் ராத்திரி லேப்டாப்பில் மாட்டி, ஹெச்2டெஸ்ட்டபிள்யூவை ஓட விட்டேன். ஜெர்மன்காரர்கள் எழுதிய பழைய இலவச நிரல் அது. டிஸ்க்கின் காலி இடம் முழுக்க ஒரு ஜிபி கோப்புகளாக எழுதித் தள்ளும். எழுதி முடித்ததும் ஒவ்வொன்றையும் படித்து, எழுதியதும் படித்ததும் ஒன்றா என்று ஒப்பிடும். மேக், லினக்ஸ்காரர்களுக்கு இதே வேலையை எஃப்3 செய்யும்.

எழுதுகிற வரை ஒரு குறையும் இல்லை. மறுநாள் அது படித்துக்கொண்டிருந்தபோது, முக்கால்வாசி தாண்டியதும் வேகம் அப்படியே படுத்துவிட்டது. டிஸ்க்கின் மேல் விரலை வைத்துப் பார்த்தேன். சீராக ஓடிக்கொண்டிருந்த அதிர்வுக்கு நடுவே ஒரு சின்ன உதறல், கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, மறுபடி அதே உதறல். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயல்கிறது என்று அர்த்தம். டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ நிரலைத் திறந்தேன். முந்தின நாள் நீலமாக இருந்த கட்டம் மஞ்சளாகியிருந்தது. சி5 என்ற வரிசையில், பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில், 18. அந்த நிரல் எண்களைப் பதினாறடிமானத்தில் (பத்துக்குப் பதில் பதினாறை அடிப்படையாக வைத்து எண்ணும் முறை) காட்டும் என்பதால் உண்மையில் அது 24. இருபத்து நான்கு இடங்களைப் படிக்க முடியாமல், "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று டிஸ்க் ஒதுக்கி வைத்திருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, எழுதும்போது டிஸ்க் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதுதான். சாதாரண ஹார்ட் டிஸ்க் எழுதிய கையோடு அதைப் படித்துச் சரிபார்ப்பதில்லை. எழுதவும் படிக்கவும் செய்யும் முனையான தலை அந்த இடத்துக்குப் போயிற்று, எழுதியது, அடுத்த வேலைக்கு நகர்ந்தது. உருப்படியாக விழுந்ததா என்பது நீங்கள் திறக்கும் நாளில்தான் தெரியும். பயணத்தில் ராத்திரி படங்களை டிஸ்க்கில் காப்பி செய்து, பச்சைக் கோடு கடைசி வரை போனதைப் பார்த்து, கார்டை ஃபார்மட் செய்துவிட்டுத் தூங்குகிறவர்கள் இதை ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்கவும்.

விற்றவரிடம் எடுத்துப் போனேன். மாட்டினார். ஃபோல்டரைத் திறந்தார். ஏதோ ஒரு சினிமாவைக் காப்பி செய்து ஓட்டிக் காட்டினார். "நல்லா ஓடுதே சார், என்ன பிரச்சினைங்கறீங்க?" மஞ்சள் கட்டத்தைக் காட்டினால், "அது நீங்க நெட்ல இறக்குன சாஃப்ட்வேர் சார், அதையெல்லாம் கம்பெனி ஒத்துக்காது." 2 டிபியில் ஒரு சினிமா எந்த மூலைக்கு? கெட்டுப்போன இடம் முக்கால்வாசிக்கு அப்பால் இருக்கிறது என்று நான் சொன்னதும், பக்கத்தில் நின்ற இன்னொரு வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரித்தார். வாங்குகிறவனுக்கு விஷயம் கொஞ்சம் தெரிந்திருந்தால் அவனைக் கிறுக்கன் ஆக்கிவிடுவது எல்லா சர்வீஸ் கவுன்ட்டர்களுக்கும் பொதுவான பழக்கம் போல. தயாரிப்பாளருக்கே எழுதி, ஸ்கிரீன்ஷாட் அனுப்பி, ஒருவழியாக மாற்றுக் கிடைத்தது. வந்தது புதிது இல்லை, பழுது பார்த்துத் திருப்பி விடப்பட்ட டிஸ்க். புதிது வாங்கியவனுக்கு ஏன் பழையது என்று கேட்டால் அது விதிமுறையாம். அதையும் முழுக்கச் சோதித்தேன். தேறியது. இன்றைக்கும் ஓடுகிறது, அது வேறு விஷயம்.

இனி வழக்கமான ஆட்சேபங்களுக்கு வருகிறேன், எப்படியும் கமெண்ட்டில் கேட்கத்தான் போகிறீர்கள்.

சோதித்தால் டிஸ்க் தேயாதா? சுழலும் டிஸ்க்குக்கு ஒருமுறை நிரப்புவது ஒரு பொருட்டே இல்லை. சுழலும் பாகமே இல்லாத, சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கு எழுதும் அளவில் வரம்பு உண்டுதான், ஆனால் 1 டிபி எஸ்எஸ்டிகளுக்குப் பொதுவாகச் சில நூறு டிபி எழுதும் ஆயுள் சொல்லப்படுகிறது. அதில் 1 டிபி போனால் போகட்டும்.

சோதனையில் தேறிய டிஸ்க் சாகாதா? சாகும். நான் மறுக்கவில்லை. கூகுள் தன்னிடமிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. முதல் ஸ்கேன் பிழை (டிஸ்க் தன் பரப்பைத் தானே சோதிக்கையில் காணும் பிழை) காட்டிய டிஸ்க், பிழையே காட்டாத டிஸ்க்கைவிட அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம் என்று அதில் இருக்கிறது. என்னைப் போன்றவர்கள் இந்த வரியை மட்டும் மேற்கோள் காட்டுவார்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது: செத்துப்போன டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கு மேல், முக்கியமான நான்கு ஸ்மார்ட் (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே கண்காணிக்கும் வசதி) அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. ஆகவே மஞ்சள் கட்டம் வந்தால் அந்த டிஸ்க்கை நம்பாதீர்கள். நீலக் கட்டம் இருப்பதால் மட்டும் எந்த டிஸ்க்கையும் நம்பாதீர்கள். சோதனை, தொடக்கத்திலேயே சொத்தையாக வந்ததைக் கழிப்பதற்கு. மீதிக்கு இரண்டாவது பிரதிதான்.

இன்னொரு காரணமும் உண்டு. 16 டிபி எஸ்எஸ்டி என்று அடிமாட்டு விலைக்கு ஆன்லைனில் விற்பவை. பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு மைக்ரோஎஸ்டி கார்டு ஒட்டியிருக்கும். கணினிக்கு 16 டிபி என்று பொய் சொல்லும்படி நிரல் மாற்றியிருப்பார்கள். உண்மையான கொள்ளளவு தாண்டியதும் புதுப் படங்கள் காற்றில் போகும், அல்லது பழைய படங்களின் மேலேயே எழுதும். பெயர்ப் பட்டியல் மட்டும் ஒழுங்காகத் தெரியும். இதைக் கண்டுபிடிக்கத்தான் ஹெச்2டெஸ்ட்டபிள்யூவை இன்று பலரும் பயன்படுத்துகிறார்கள்.

சோதிக்க நேரம் பிடிக்கும். நொடிக்கு 100 எம்பி வேகத்தில் 2 டிபியை எழுத ஐந்தரை மணி நேரம், படிக்க அதே அளவு. பழைய யூஎஸ்பி 2.0 துளையில் மாட்டினால் வேகம் 35 எம்பியைச் சுற்றித்தான் இருக்கும், இரண்டு நாள் ஆனாலும் ஆச்சரியமில்லை. லேப்டாப் நடுவில் தூங்கிவிடாதபடி அமைப்பை மாற்றி வையுங்கள். எழுதும்போது பாதியில் வேகம் 20, 30 எம்பிக்கு இறங்கினால் உடனே பதறாதீர்கள். இப்போதைய 2 டிபி, அதற்கு மேற்பட்ட சின்ன டிஸ்க்குகளில் பெரும்பாலானவை எஸ்எம்ஆர் வகை. கூரை ஓடு மாதிரி ஒரு தடத்தின் விளிம்பின் மேல் அடுத்த தடம் ஏறியிருக்கும். ஒன்றைத் திருத்த வேண்டுமானால் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துத் திருப்பி எழுத வேண்டும். அதனால் தொடர்ந்து எழுதினால் மூச்சு வாங்கும். எழுதும்போது வேகம் குறைவது அந்த வகையின் குணம். படிக்கும்போது திணறினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

எஸ்எஸ்டியா ஹார்ட் டிஸ்க்கா என்ற சண்டைக்கு என் பதில் கொஞ்சம் சலிப்பூட்டும். நொடிக்கு 1000 எம்பி என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். உங்கள் கார்டு யூஹெச்எஸ்-1 (எஸ்டி கார்டுகளின் ஒரு வேக வகை) என்றால் அதன் உச்சமே 104 எம்பி. 64 ஜிபி கார்டைக் கொட்டப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும், எஸ்எஸ்டி எவ்வளவு பறந்தாலும். எனவே வேகத்துக்காக எஸ்எஸ்டி வாங்காதீர்கள். கீழே விழுந்தால் தாங்கும் என்பதற்காக வாங்குங்கள், உயரத்துக்காக வாங்குங்கள். உயரம் என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். ஹார்ட் டிஸ்க்கின் தலை, சுழலும் தட்டுக்கு மேல் காற்று மெத்தையில் மிதக்கிறது. காற்று மெலிந்தால் மிதப்பும் தாழும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் 3,000 மீட்டரை ஒட்டி வரம்பு போட்டிருப்பார்கள். விமானத்துக்குள் அழுத்தம் பொதுவாக 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமம் என்பதால் அங்கே சிக்கலில்லை. 4,000 மீட்டரில் கூடாரம் போட்டுவிட்டு ஹார்ட் டிஸ்க்கைச் சுழல விடுவதுதான் வம்பு. "நான் ஓட்டியிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று யாராவது வருவார்கள். ஆகாமலும் இருக்கலாம், மகிழ்ச்சி. என் மலைப் பயணத்தில் அந்த 2 டிபி டிஸ்க் அடிவாரத்து அறையிலேயே இருந்தது, மேலே எஸ்எஸ்டி மட்டும் வந்தது.

எஸ்எஸ்டி சாகும்போது பெரும்பாலும் சத்தமில்லாமல், ஒரேயடியாகச் சாகும். டிக் டிக் என்று முன்னறிவிப்பெல்லாம் இருக்காது, மீட்பதும் கடினம். அதனால் ஒன்று எஸ்எஸ்டி, இன்னொன்று ஹார்ட் டிஸ்க் என்று இரண்டு. இரண்டையும் ஒரே பையில் வைத்தால் அது ஒரு பிரதிதான், பை போனால் இரண்டும் போச்சு. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்ற 3-2-1 விதியைப் பரப்பியவர் பீட்டர் குரோக் என்ற புகைப்படக்காரர்தான். கணினித்துறை பின்னால்தான் அதை எடுத்துக்கொண்டது. பயணத்தில் "வேறு இடம்" என்பது உடன் வருபவரின் பை. கிளவுட் போதுமே என்பவர்களுக்கு: 5 எம்பிபிஎஸ் (நொடிக்கு 5 மெகாபிட், மெகாபைட் அல்ல) அப்லோடு கிடைத்தால் 64 ஜிபி ஏற 28 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவும் அறுபடாமல் கிடைத்தால்.

உடன் வருபவர் என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை, தாண்டிப் போக விரும்புபவர்கள் அடுத்த பத்திக்குப் போகலாம். கூட்டமாகப் போகும் பயணங்களில் கேமரா வைத்திருப்பவன் சம்பளமில்லாத புகைப்படக்காரன். ராத்திரி அவன் காப்பி போட்டுக்கொண்டிருந்தால் "லைட்டை அணை, காலையில சீக்கிரம் எழுந்திரிக்கணும்" என்பார்கள். "இந்த டிஸ்க்கை உங்க பையில வெச்சுக்கோங்களேன்" என்றால் கனமாக இருக்கிறதாம், உள்ளங்கை அளவு டிஸ்க். ஊர் திரும்பி இரண்டே நாளில் "என் படமெல்லாம் எங்கே, இன்னும் அனுப்பலையே" என்று அதே வாய்கள். ஒரிஜினலைத் தருகிறேன், பென் டிரைவ் கொண்டு வாருங்கள் என்றால் யாருக்கும் நேரமில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிவிட்டு, "என்ன கேமரா இது, தெளிவாவே இல்ல" என்று விமர்சனம் வேறு. வயிற்றெரிச்சல். சரி, விடுங்கள்.

பயணத்தில் காப்பி போடும்போது வெறுமனே இழுத்துப் போடாமல், சரிபார்க்கும் வசதியுள்ள நிரலைப் பயன்படுத்துங்கள். விண்டோஸில் டெராகாப்பி போதும், காப்பி முடிந்ததும் வெரிஃபை செய்யும்படி வைத்துவிடலாம். படங்களைச் சின்னக் கட்டங்களாகப் பார்த்து "எல்லாம் வந்துவிட்டது" என்று முடிவு செய்வது பெரிய ஏமாற்று. ராவ் கோப்புக்குள் ஒரு சின்ன ஜேபெக் ஒளிந்திருக்கிறது. கட்டத்தில் தெரிவது பெரும்பாலும் அதுதான். ராவ் தரவு பாதி சிதைந்திருந்தாலும் அந்த ஜேபெக் பிழைத்திருந்தால் கட்டம் அழகாகவே தெரியும். எடிட் செய்யத் திறக்கும்போதுதான் பாதிப் படம் ஊதா நிறத்தில் கோடு கோடாக வரும். இரண்டு பிரதிகளும் சரிபார்த்து முடியும் வரை கார்டைத் தொடாதீர்கள். முடிந்தால் பயணம் முழுக்கவே அழிக்காமல் இருக்கும் அளவுக்குக் கார்டு எடுத்துப் போங்கள்.

லேப்டாப் இல்லாமல் ஃபோனிலேயே செய்ய நினைத்தால், டைப்-சி உள்ள ஃபோன்கள் எஸ்எஸ்டியை ஏற்றுக்கொள்ளும், ஐஃபோனில் 15 முதல். சுழலும் டிஸ்க்குக்குப் பல ஃபோன்களின் மின்சாரம் பற்றாது. மேக், விண்டோஸ், ஃபோன் மூன்றிலும் மாட்டுவதாக இருந்தால் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறையில் ஃபார்மட் செய்யுங்கள். விண்டோஸின் வழக்கமான என்டிஎஃப்எஸ் முறையில் உள்ள டிஸ்க்கை மேக் படிக்கும், அதில் எழுதாது. ஆனால் எக்ஸ்ஃபேட்டுக்கு ஜர்னல் (செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் பதிவேடு) கிடையாது, எழுதும்போது பிடுங்கினால் முழு ஃபோல்டரே காணாமல் போகலாம். எஜெக்ட் கொடுத்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும்.

கேபிள் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பல ஹார்ட் டிஸ்க்குகளில் இன்னும் அந்த அகலமான மைக்ரோ-பி முனைதான் இருக்கிறது. வழியில் யாரிடம் கேட்டாலும் ஃபோன் சார்ஜர் கேபிளைத்தான் நீட்டுவார்கள்.