நான்கு மாதமாகக் கட்டுப் போடுகிறோம், புண் ஆறவில்லையே?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அப்பாவுக்கு 64 வயது. செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். 15 வருடமாக இனிப்புநீர் (நீரிழிவு). வலது பாதத்தில், பெருவிரலுக்கு அடியில் நான்கு மாதமாக ஒரு புண். வலியே இல்லை என்கிறார். புண் காயக்கூடாது என்கிறார் கிளினிக் மிசி (நர்ஸ்). காற்றாட விட்டுக் காயவை, மஞ்சள் மருந்து போடு என்கிறார் தோட்டத்தில் டிரசராக (மருந்து கட்டுபவராக) இருந்த மாமா. யார் பேச்சைக் கேட்பது?"

இந்த விஷயத்தில் மிசி சொல்வதுதான் சரி. மாமாவையும் குறை சொல்ல முடியாது, அவர் காலத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். 1962-இல் ஜார்ஜ் வின்டர் என்பவர் பன்றிகளின் தோலில் சோதித்து, மூடி ஈரமாக வைத்த காயத்தில் காயவிட்டதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகப் புதுத்தோல் படர்வதைக் காட்டினார். அதற்காகப் புண் ஊறிப்போகவும் கூடாது. ஓரத்துத் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம். கழுவ சலைன் (உப்புநீர்) போதும். நுரைத்துப் பொங்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டாம், அது புதுச் சதையையும் சேர்த்துக் கெடுக்கும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது 'வலியே இல்லை' என்ற வரிதான்.

நரம்பு மரத்துப்போன கால் அது. நமக்கு வலித்தால் நொண்டி நடப்போம், புண்ணுக்கு ஓய்வு கிடைக்கும். அப்பாவோ ஒவ்வோர் அடியிலும் உடம்புப் பாரத்தை அதே இடத்தில் இறக்குகிறார். கொல்லிமலையில் பிறந்து வேலூரில் தொழுநோயாளிகளுக்கு மருத்துவம் பார்த்த டாக்டர் பால் பிராண்ட் கண்டது இதைத்தான்: சதை தானாக அழுகுவதில்லை, உணர்ச்சியற்ற காலில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமே புண்ணை உண்டாக்குகிறது. மாவுக்கட்டுப் போட்டு அழுத்தத்தை எடுத்ததும் புண்கள் ஆறின. இனிப்புநீர்க் காலுக்கும் அதே கதைதான். எவ்வளவு விலையுயர்ந்த மருந்து வைத்துக் கட்டினாலும், அதன்மேலேயே நடந்தால் வீண். முழங்கால்வரை வரும், கழற்ற முடியாத கட்டு அல்லது பூட்ஸ்தான் நல்லது. கழற்றக்கூடியதைக் கொடுத்தால், "பாத்ரூமுக்குத்தானே போனேன்" என்று வெறுங்காலோடு நடந்துவிடுவார்கள். கழற்ற முடியாததைப் போடுமுன் இரத்த ஓட்டமும் கிருமித் தொற்றும் பார்க்கப்பட வேண்டும்.

இளம் டாக்டர்களுக்கும் மிசிகளுக்கும் வகுப்பு எடுக்கும்போது நான் முதலில் சொல்வது, கட்டைப் பிரிக்குமுன் நோயாளியின் சிலிப்பரைத் திருப்பிப் பாருங்கள் என்று. தேய்ந்த இடமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். ஒருமுறை உள்ளே குத்திக்கொண்டு நின்ற ஆணியையே பார்த்தேன், போட்டிருந்தவருக்குத் தெரியவில்லை. அப்புறம், எல்லாப் புண்ணிலும் பஞ்சுக்குச்சியால் துடைத்துச் சோதனைக்கு அனுப்பி, கிருமி வந்தது என்று ஆன்டிபயாடிக் எழுதும் பழக்கம். திறந்த புண்ணில் கிருமி இல்லாமல் இருக்காது. சிவப்பு, சூடு, வீக்கம், சீழ் என்று தொற்றின் அடையாளம் இருந்தால்தான் மருந்து. வாரம் ஒருமுறை நீள அகலம் அளக்க வேண்டும். நான்கு வாரத்தில் பாதியாகக் குறையவில்லை என்றால் வைத்தியத்தையே மறுபடி யோசிக்க வேண்டும். உங்கள் அப்பாவுக்கு அந்தக் கெடு எப்போதோ தாண்டிவிட்டது. இது அவருடைய குற்றமில்லை, எங்கள் பக்கத்துக் குறை.

அடுத்த முறை போகும்போது கேளுங்கள்: பாதத்தில் நாடித்துடிப்பு பார்த்தீர்களா? குச்சி விட்டால் எலும்பு தட்டுகிறதா, எக்ஸ்ரே எடுத்தீர்களா? கணுக்காலில் இரத்த அழுத்தம் எடுத்து நன்றாக இருக்கிறது என்றால் அதோடு விடாதீர்கள். இனிப்புநீர்க்காரர்களுக்கு இரத்தக்குழாய் இறுகியிருந்தால் அந்த அளவு பொய்யாக உயர்ந்து காட்டும், கால்விரலில் எடுப்பது நம்பகமானது. புண்ணைச் சுற்றித் தடித்த தோலைக் கிளினிக்கில் சீவிவிடச் சொல்லுங்கள். வீட்டில் பிளேடு எடுக்கவே கூடாது.

விரல் கறுத்தாலோ, சிவப்பு பரவினாலோ, காய்ச்சலோ துர்நாற்றமோ வந்தாலோ தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

டிரசர் மாமாவை ஒதுக்கிவிடாதீர்கள். அப்பா அவர் பேச்சைத்தான் கேட்பார் போலிருக்கிறது. காலைத் தரையில் ஊன்றாமல் உட்காரச் சொல்லும் வேலையை அவரிடமே கொடுங்கள்.